பெண்கள் பக்கத்து ஹார்டு டிஸ்க்

கல்யாண மண்டபத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. கேமராவைத்தான் பார்க்கிறார்கள். இந்த வேலை எனக்கு ஒத்துவந்ததற்கு அதுதான் காரணம். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது என் குரல் டீச்சருக்குக் கேட்காது, பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். பன்னிரண்டாவது வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டேன்.

கணவருக்கு டவுனில் சின்ன ஸ்டுடியோ. அவர் எடுத்துவரும் வீடியோவை வெட்டி ஒட்டும் வேலையை வீட்டிலிருந்த கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் வந்து, பெண்கள் பக்கம் எடுப்பதற்குப் பொம்பளை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து டவுனில் நடக்கும் நிக்காஹ்களில் கீழே ஆண்கள் பக்கம் அவர், மாடியில் பெண்கள் பக்கம் நான்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாடியில் எடுத்தது பெண்கள் கண்ணுக்கு மட்டும். குடும்பத்துக்கு வெளியே ஒரு ஆண் அதைப் பார்க்கக் கூடாது. காகிதத்தில் எழுதியதில்லை, முதல் நாள் மணப்பெண்ணின் அம்மா கேட்பார், நான் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். என் கணவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டுப்பாடு. நான் பெண்கள் பக்கத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அறைக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று இருமுவார். பேட்டரியோ வயரோ எடுக்க வேண்டியிருந்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து, எடுத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போவார். இரண்டு முறை கட்டில் முனையில் முட்டியை இடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இந்த வருஷம் நடந்த ஒரு நிக்காஹ் பற்றி. மூன்று தலைமுறையாக டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். மணப்பெண்ணின் அம்மாவுக்கும் அவருடைய நாத்தனாருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. எதனால் என்று எனக்குத் தெரியாது. மாடியில் மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். நிக்காஹ் முடிந்து, பெண் கீழே இறங்கிக் காரில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அலங்காரம் செய்கிற அறைக்குள் அந்த நாத்தனார் வந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே மணப்பெண்ணின் அம்மா போன் செய்துவிட்டார்.

"வீடியோக்காரம்மா, அந்த ரூம்ல என் நாத்தனார் வந்து என் கைய புடிச்சாளே, அது விழுந்திருக்கா?"

"விழுந்திருக்குங்கக்கா."

"நல்லா விழுந்திருக்கா? மூஞ்சி தெரியுதா?"

"தெரியுங்கக்கா."

"அவ இப்பவே சொல்லிட்டுத் திரியறாளாம், நான் தான் ஓடிப்போய் அவ கைய புடிச்சு கெஞ்சினேன்னு. ஞாயித்துக்கிழமை விருந்துக்கு அவளும் வரா, எல்லா பொம்பளைங்களும் வராங்க. டிவில போட்டுக் காட்டணும். மத்ததெல்லாம் லேட்டானாலும் பரவால்ல. இது மட்டும் வேணும்."

சரி என்றேன். விழுந்திருக்கிறது என்று சொன்னேனே தவிர, அதை நான் அப்போது போட்டுப் பார்த்திருக்கவில்லை. இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்கு யோசனை வேண்டும். சரி என்பது தானாக வந்துவிடும்.

எங்கள் கம்ப்யூட்டரில் இடம் கம்மி. அதனால் கேமராவில் இருக்கும் கார்டிலிருந்து நேராகக் கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிடுவோம். கையடக்க டப்பா, ஒரு வயர். போட்டதும் கார்டை அழித்துவிடுவோம், ஏனென்றால் முகூர்த்த மாதத்தில் அடுத்த வேலை வாசலில் நிற்கும். இந்த முறையும் திங்கட்கிழமை போட்டேன், செவ்வாய்க்கிழமை அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்து, கார்டை அழித்தேன். ஆக, அந்த மாடி முழுக்க, அத்தனை பெண்களும் அத்தனை சிரிப்பும், அந்த ஒரு டப்பாவுக்குள் மட்டும் இருந்தது.

புதன்கிழமை மணப்பெண்ணே வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் வேலை, கையில் மேக் லேப்டாப். எங்கள் செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் காபிக் கடைகளில் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தூர இருந்து பார்த்ததுதான். அவளுக்கு இந்த வேலை கொஞ்சம் தெரியும். அம்மா கேட்ட துண்டைத் தானே வெட்டித் தருவதாகச் சொன்னாள்.

முதலில் எங்கள் வயர் அவள் லேப்டாப்பில் நுழையவே இல்லை. ஓட்டையே வேறு. பையிலிருந்து சின்ன வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து நடுவில் சொருகினாள். டிஸ்க் திறந்தது. படம் ஓடியது. அப்பாடா என்று இருந்தது.

"எல்லாம் தெரியுது ஆன்ட்டி. ஆனா இதுல எழுத விடல. பாருங்க, ஒரு ஃபோல்டர் கூட போட முடியல."

"ஏன்?"

"இது விண்டோஸ்ல ஃபார்மட் பண்ணது. மேக் படிக்கும், எழுதாது."

எனக்குப் புரியவில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதத் தெரியாதா? ஒரே டப்பா, ஒரே வயர், ஒரே வீடியோ. என் கம்ப்யூட்டரில் வருகிறது, இவள் லேப்டாப்பில் பாதி வருகிறது. ஆனால் மனதுக்குள் ஒரு நிம்மதி. எழுத முடியாது என்றால் அழிக்கவும் முடியாதே.

"என் லேப்டாப்புல இடம் இல்ல. எனக்கு ஒரு புது டிஸ்க் கொரியர்ல வரணும், இன்னும் வரல. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் ஆன்ட்டி. எழுத வைக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு வேலை பாத்துட்டு நாளைக்குக் குடுத்துடறேன். ஓகேதானே?"

ஓகே இல்லை. இது ஒன்றுதான் இருக்கிறது, வேறு காப்பி இல்லை, வெளியே கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தை எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. சரி என்று வந்தது.

சாயங்காலம் கணவர் வந்து கேட்டார்.

"டிஸ்க் எங்க?"

சொன்னேன்.

"ஒரே காப்பி. அதையும் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறியா?"

"அவங்க வீட்டு வீடியோதானங்க."

"அவங்க வீட்டு வீடியோதான். போனா யார் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க?"

வியாழக்கிழமை பௌர்ணமி. காலை பத்து மணிக்குள் டவுனை விட்டு வெளியேறவில்லை என்றால் கிரிவலத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூர் போகிற வழியில் எங்கள் சந்து முனையில் காரை நிறுத்தினார்கள். அவள் இறங்கி ஓடிவந்து இரண்டு டப்பாவை என் கையில் வைத்தாள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று முந்தின நாள் இரவு கொரியரில் வந்த அவளுடைய புதியது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு.

"ஆன்ட்டி, உங்களுது என் லேப்டாப்புல இப்ப ஓபன் ஆகல. உங்க கம்ப்யூட்டர்ல ஆகும். அம்மி கேட்டத நீங்களே போட்டுக் குடுத்துடுங்க. மிச்சம் எல்லாத்தையும் இந்தப் புதுசுல காப்பி பண்ணி வைங்க."

அம்மாவை அவள் அம்மி என்றுதான் சொல்வாள். ஏன் திறக்கவில்லை என்று கேட்பதற்குள் கார் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள்.

எங்கள் டப்பாவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன், மாறிவிடக் கூடாதென்று. பிறகு கம்ப்யூட்டரில் சொருகினேன். இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? கீழே இரண்டு பட்டன்.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் எதைச் சொருகினாலும் இதைத்தான் கேட்கும். அதில் வைரஸும் பழைய பாட்டும் தவிர ஒன்றும் இருக்காது. ஆமாம் என்று அமுக்கி, சுத்தமாக்கி, படத்தைப் போட்டுக் கொடுத்து அனுப்புவோம். என் விரல் பழக்கத்தில் மௌஸை நகர்த்திவிட்டது. அம்பு பட்டன் மேல் போய் நின்றபோதுதான் பொட்டைப் பார்த்தேன். மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது அந்தப் பெட்டி! எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

வேண்டாம் என்று அமுக்கினேன். கழற்றி மறுபடி சொருகினேன். மறுபடி கேட்டது. வேறு ஓட்டையில் சொருகினேன். அங்கேயும் கேட்டது.

பெண்ணுக்குப் போன் செய்தேன். செங்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அம்மா கேட்ட அந்தத் துண்டைத்தான் முதலில் எடுத்து, முன்னும் பின்னும் வெட்டி, அதே டிஸ்க்கில் பழையதன் மேலேயே பதிய வைத்துக்கொண்டிருந்தாளாம். பதிந்துகொண்டிருக்கும்போதே அம்மா வந்து, "எங்க, உங்க பெரியம்மாகிட்ட காட்டறேன்" என்று லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாராம். டப்பா வயரில் தொங்கி, அந்த வெள்ளைத் துண்டு கழன்று கீழே விழுந்திருக்கிறது.

"எஜெக்ட் பண்ணாம எடுக்கக் கூடாது ஆன்ட்டி, எனக்குத் தெரியும். அம்மிக்கு எப்படித் தெரியும்? அவங்ககிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ். கல்யாணம் முடிஞ்சு போற நேரத்துல அவங்க மனசு கஷ்டப்படும்."

அதற்கும் சரி என்றேன்.

பௌர்ணமி அன்றும் மறுநாள் மத்தியானம் வரையிலும் எங்கள் சந்துக்குள் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. கிரிவலம் சுற்றுகிற ஜனம் ஓரத்தில் உட்கார்ந்து, படுத்து, காலை நீவிக்கொண்டு கிடக்கும். வீட்டுக்குள் நானும் அந்தக் கேள்வியும் இருந்தோம். கணவர் விட்டத்தைப் பார்த்தபடி வந்து என் பின்னால் நின்று, இதைச் செய், அதைச் செய் என்றார். தெரியாத வேலையைப் பார்க்காமலே சொல்லித்தர அவரால் முடிந்த வரைக்கும் முயற்சி செய்தார். கடைசியில், "டவுன்ல சர்வீஸ் பண்றவர்கிட்ட குடுத்துட்டு வரேன். அவர் எடுத்துடுவாரு" என்றார்.

"அவர் படத்தைத் திறந்து பாப்பாரே."

"திறந்து பாத்தாத்தான் வந்துச்சா வரலையான்னு தெரியும்."

"அப்ப குடுக்கக் கூடாதுங்க. நான் சொல்லியிருக்கேன் அவங்ககிட்ட."

"யாருக்குத் தெரியப் போகுது?"

 கேட்டுவிட்டு, கேட்டதற்காக வருத்தப்பட்டவர் மாதிரி அவரே வெளியே போய் ஜனங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் குடும்பத்தில் எத்தனையோ பெண்கள் அன்று மாடியில் முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள், ஆடினார்கள், நான் இருக்கிறேன் என்பதால். அது ஒரு கடை மேஜையில் ஓடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சங்கடமும் எதற்கு? இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு மாதிரி எழுதிவைத்திருப்பதற்கு.

சனிக்கிழமை காலை அந்த சர்வீஸ்காரரே வீட்டுக்கு வந்தார். என் கணவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாதவர்.

"அக்கா, நான் பாக்கவே கூடாது. ஆனா ரிப்பேர் பண்ணணும். அதான?"

"ஆமாங்க."

"டாக்டர் கண்ண கட்டிட்டு ஆபரேஷன் பண்ற மாதிரி. சரி, ஒரு ஸ்டூல் போடுங்க."

கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவரைத் தனியாக உட்கார வைக்க என் கணவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, இன்னொரு ஸ்டூலைப் போட்டு அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கொரு டம்ளர் டீ கொடுத்தேன். பிறகு ஆரம்பித்தோம். அவர் கேட்பார், நான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"டிஸ்க் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"ஆர், ஏ, டபிள்யூ."

"ஐயோ. உள்ள என்ன இருக்குன்னே அதுக்குப் புரியலன்னு அர்த்தம். சரி பரவால்ல. நான் குடுத்த பென் டிரைவ்ல இருக்கறத திறங்க. ஸ்கேன்னு இருக்கா?"

"ரெண்டு ஸ்கேன் இருக்கு."

"என்ன என்ன?"

"ஒண்ணு குயிக். இன்னொண்ணு டி, ஈ, ஈ, பி."

"டீப். அத அமுக்குங்க. எவ்வளவு நேரம்னு காட்டுது?"

"ஆறு மணி நேரம்."

"காலண்டர்ல கும்ப ராசிக்கு அலைச்சல்னு போட்டிருக்கு அக்கா. நான் கும்பம். ஆனா உக்காந்தே இருக்கேன்."

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. மத்தியானம் அவர்கள் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் அவர் இதெல்லாம் ஏன் என்று விளக்கினார். விண்டோஸில் ஃபார்மட் செய்தால் மேக் படிக்கும், எழுதாது. மேக்கில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ் படிக்கக்கூடப் படிக்காது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, எக்ஸ்ஃபேட் என்று பெயர், அதில் போட்டால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் அதையும் படக்கென்று பிடுங்கக் கூடாது.

"முதல்லயே அப்படிப் பண்ணியிருக்கணும் அக்கா."

முதல்லயே. எல்லாம் கெட்டுப்போன பிறகு வந்து சொல்கிற எல்லோரும் இந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். முதலில் யாரும் வந்து சொல்வதில்லை. டிஸ்க் வாங்கின அட்டைப் பெட்டியிலும் எழுதியிருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்.

மூன்றரை மணிக்குக் கோடு முடிந்தது.

"எத்தனை ஃபைல் காட்டுது?"

"நானூத்தி பன்னெண்டு."

"அடிச்சுது அக்கா லக்கு! ஒண்ண தொறந்து பாருங்க. வருதா?"

திறந்தேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"வருதுங்க!"

"யாரு?" என்றார் என் கணவர் தன்னையறியாமல்.

"சார், யாருன்னு கேக்கக் கூடாது சார்" என்றார் சர்வீஸ்காரர், சுவரைப் பார்த்தபடியே.

கிடைத்ததை அதே டிஸ்க்கில் வைக்கக் கூடாதாம், வேறொன்றில் போட வேண்டுமாம். பெண் கொடுத்துவிட்டுப் போன புதிய டப்பா இருந்தது. சொருகினேன். அதுவும் கேட்டது, ஃபார்மட் செய்யட்டுமா என்று. மேக்கில் ஃபார்மட் ஆன டிஸ்க், என் கம்ப்யூட்டருக்கு அது வெறும் டப்பா.

"இது காலி டிஸ்க்தான? எக்ஸ்ஃபேட்னு தேர்ந்தெடுத்து ஆமான்னு குடுங்க."

என்னால் முடியவில்லை. முதலில் ஸ்கேன் கண்டுபிடித்ததைச் சேமித்துவிட்டு எங்கள் டப்பாவைக் கழற்றினேன், அதுவும் அவர் சொன்ன முறைப்படி, கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டு. பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பெண்ணுக்குப் போன் செய்து, உன் டிஸ்க்கில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். "ஆன்ட்டி, சத்தியமா காலி" என்றாள். பொட்டில்லாத டப்பாதான் சொருகியிருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்தேன்.

"அக்கா, நல்ல நேரம் வரட்டும்னு பாக்கறீங்களா?"

அமுக்கினேன். பிறகு எங்களுடையதை மறுபடி சொருகி, நானூற்றுப் பன்னிரண்டையும் அதிலிருந்து இதற்கு மாற்ற விட்டேன்.

அவர்கள் எழுந்து போனபின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெயரெல்லாம் போய் வெறும் எண்ணாக இருந்தது. மருதாணி, நகை, பிரியாணித் தட்டு, குழந்தைகள் ஓடுவது, கண்ணாடியில் மாப்பிள்ளை முகத்தைக் காட்டுவது. எல்லாம் வரிசை மாறிக் கலந்து கிடந்தது. முந்நூற்று எண்பதாவதில் அலங்கார அறை வந்தது. கதவு திறந்தது. நாத்தனார் உள்ளே வந்து நின்றார். மணப்பெண்ணின் அம்மா திரும்பினார். பன்னிரண்டு விநாடி. அதற்கு மேல் படம் சதுரம் சதுரமாக உடைந்து, பச்சையாகி, நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. மூடித் திறந்தேன். பன்னிரண்டு விநாடி. வேறு பிளேயரில் போட்டேன். பன்னிரண்டு விநாடி. மிச்ச முப்பத்திரண்டையும் பார்த்து முடித்தேன், வேறெங்கும் இல்லை.

மற்ற எல்லாம் நன்றாக இருந்தது. யாரும் கேட்காத பிரியாணித் தட்டு பதினாறு நிமிஷம் தெளிவாக இருந்தது. கேட்ட ஒன்றை, கேட்டதால்தான் முதலில் எடுத்தார்கள், எடுத்ததால்தான் போயிற்று. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர், "போன்ல சொல்லிடு" என்றார். போனில் நான் சொன்னால் சரி என்பதில்தான் போய் முடியும். நேரில் போனேன், பெண்ணின் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு.

உள்ளறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சோபாவின் ஒரு முனையில் நாத்தனார். டிவிக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் அம்மா, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"வந்துட்டாங்க வீடியோக்காரம்மா. போடு, போடு."

"அக்கா, ஒரு விஷயம்..."

"முதல்ல போடு."

டப்பாவை டிவியின் பின்னால் சொருகினேன். டிவி ஒன்றும் சொருகப்படவில்லை என்றது. மறுபடி சொருகினேன். இரண்டுக்கும் பொது என்று சொன்ன அந்த எக்ஸ்ஃபேட் இந்த டிவியில் ஓடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டாமலே சொன்னேன். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது, அந்த இடம் மட்டும் பன்னிரண்டு விநாடிதான் இருக்கிறது, கதவைத் திறந்து வந்து நிற்பது வரைக்கும்தான்.

 பிறகு அம்மா கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது அல்ல.

"ரிப்பேருக்கு வெளிய குடுத்தியா? யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கலக்கா. நானே உக்காந்து எடுத்தேன்."

"எப்படிக் கெட்டுச்சு?"

வாயைத் திறந்தேன். காரிலிருந்து போனில் கெஞ்சிய மணப்பெண்ணின் குரல் காதில் கேட்டது. "மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒத்துக்கலக்கா" என்றேன். பொய்யும் இல்லை.

நாத்தனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? இருந்தா போட்டிருக்க மாட்டாங்களா? இவ தான் வந்து என் கைய புடிச்சா."

"நான் எங்க புடிச்சேன்? நீ தான் உள்ள வந்ததும் நீட்டின!"

"நான் கதவப் புடிச்சிட்டு இருந்தேன். எந்தக் கைய நீட்டறது?"

மணப்பெண்ணின் அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தா, இங்க வா. பொட்டி போனா போகட்டும். நீ தான அங்க நின்ன? நீ சொல்லு. யாரு முதல்ல நீட்டினா?"

பன்னிரண்டு ஜோடிக் கண்கள். என் கையில் கேமரா இல்லை. டிவி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அறையை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கதவு. ஜன்னல். ஜன்னலுக்கு நேராக இருவரும். கறுப்பாகத் தெரிந்த இரண்டு முகங்கள்.

"தெரியலக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்டது. "பின்னாடி ஜன்னல் வெளிச்சம் ஜாஸ்தியா அடிச்சுது. முகம் இருட்டா இருந்துச்சு. நான் கேமராவுல வெளிச்சத்தக் கம்மி பண்ணிட்டு இருந்தேன். சரி பண்ணிப் பாக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் புடிச்சிட்டு இருந்தீங்க."



"வெளிச்சமா?" என்றார் நாத்தனார். "ஆறு வருஷம் கழிச்சு நான் வந்து நிக்கறேன். இந்தம்மா வெளிச்சம் பாத்துட்டு இருந்துச்சாம்!"

"அதான பாரு!" என்றார் அம்மா. "எடுக்க வந்தவங்க எதைத்தான் பாத்தாங்க?"

"பிரியாணித் தட்டப் பாத்திருக்கும்."

"அன்னிக்கே நான் நெனச்சேன், இந்தம்மா என்னடா எப்பப் பாத்தாலும் அந்த பட்டனையே திருகிட்டு இருக்குதேன்னு."

"பொட்டியும் போச்சு, பாக்கவும் இல்ல!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் இதையெல்லாம் பேசினார்கள், நான் அந்த அறையில் இல்லாத மாதிரி. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அந்த மாடியை அடுத்தவன் கண்ணில் படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன், கெடுத்தது நான் இல்லை, அதைச் சொல்லவும் முடியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாசலில் மறித்துத் தட்டைக் கையில் திணித்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

செருப்பைப் போடும்போது மணப்பெண்ணின் அம்மா பின்னாலேயே வந்தார்.

"அந்த பன்னெண்டு செகண்டையாவது டிவில ஓடற மாதிரி போட்டுக் குடு. அவ உள்ள வந்தது தெரியுதில்ல? அவ தான வந்தா? நான் போகலையே?"

உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினார். "எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு! நான் கதவப் புடிச்சிட்டு நிக்கறது தெரியணும்!"

சரி என்றேன் இரண்டு பேருக்கும். அந்த டிவி எதைப் படிக்கும் என்று இன்னும் எனக்குத் தெரியாது.